மைல்ஸ் டேவிஸ் – ஆன் த கார்னர்: ஆறு சிடிப் பெட்டி தேவைதானா?

இரவல்காது:

வணக்கம். கீபோர்டு கலைஞர் ஹெர்பி ஹேன்காக்கின் ஹெட் ஹன்டர்ஸ் தட்டின் வழியாக ஜாஸ்-ஃபங்க் பக்கம் வந்தவன் நான். அதே ஹேன்காக் அதற்கு ஓராண்டு முன்னால் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஆன் த கார்னர் தட்டில் வாசித்திருக்கிறார் என்று தெரிந்து அதையும் கேட்டேன். தலைகால் புரியவில்லை, ஆனால் நிறுத்தவும் மனம் வரவில்லை. இப்போது தெரிந்த ஒருவரிடம் 2007-இல் வந்த 'கம்ப்ளீட் ஆன் த கார்னர் செஷன்ஸ்' பெட்டி விலைக்கு வருகிறது. ஆறு சிடி, ஆறு மணி நேரத்துக்கும் மேல். மூலத் தட்டோ ஒரு மணி நேரம்கூட இல்லை. மீதி ஐந்து மணி நேரத்தில் என்னதான் இருக்கிறது? விலை கையைக் கடிக்கிறது. வாங்கலாமா, ஸ்ட்ரீமிங் போதுமா?

சுழல்தட்டு:

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சண்டையை அப்புறம் போடலாம்.

பெயரை நம்பாதீர்கள். ஆன் த கார்னருக்காக 1972 ஜூன் முதல் வாரத்தில் நியூயார்க்கின் கொலம்பியா ஸ்டுடியோவில் பதிவானது இந்தப் பெட்டியில் ஒரு சிறு பங்குதான். முதல் சிடியில் அந்த நாள்களின் வெட்டாத மாஸ்டர்கள் (வாசித்தது முழுவதும் உள்ள மூல டேப்) இருக்கின்றன. கடைசி சிடியில் 1972 அக்டோபரில் வெளியான அதே தட்டு, கூடவே சிங்கிளாக வந்த சில துண்டுகள். நடுவில் உள்ள நான்கும், 1975 வரை மைல்ஸ் ஸ்டுடியோவுக்குள் போனபோதெல்லாம் ஓடிய டேப். அவற்றில் நல்ல பங்கு 1974-லேயே பிக் ஃபன், கெட் அப் வித் இட் என்ற இரட்டைத் தட்டுகளில் வந்துவிட்டது. நான்காவது சிடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டே உருப்படிகள், 'கலிப்ஸோ ஃப்ரெலிமோ', 'ஹி லவ்டு ஹிம் மேட்லி'. ஒவ்வொன்றும் அரை மணி நேரத்தைத் தாண்டும். இரண்டுமே கெட் அப் வித் இட்டில் ஏற்கெனவே உள்ளவை.

அதுவரை வெளிவராத உருப்படிகள் 12. அந்தப் பன்னிரண்டுக்கும் முதல் சிடிக்கும்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். மற்ற இரண்டு தட்டுகளும் உங்களிடம் இல்லையென்றால் கணக்கு மாறும், பெட்டி மலிவு என்றே சொல்வேன்.

சத்தம்கம்மி:

ஒரு மணி நேரமே அதிகம் என்று 1972-இல் விமர்சகர்கள் சொன்ன தட்டுக்கு ஆறு மணி நேரப் பெட்டி. நல்ல வியாபாரம். ஒரே பாஸ் வரியை இருபது நிமிடம் வாசிக்கிறார்கள், மேலே யார் யாரோ வந்து போகிறார்கள். மைல்ஸ் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருக்கிறது. கைண்ட் ஆஃப் ப்ளூ என்ற அந்த அமைதியான தட்டை வாசித்த மனிதரா இவர்?

நான்குதந்தி:

சத்தம்கம்மி சார், அந்த 'ஒரே பாஸ் வரி'யைப் பற்றி ஒரு பாஸ் வாசிப்பவனாகச் சொல்லிவிடுகிறேன்.

இதில் பாஸ் கிடார் வாசித்த மைக்கேல் ஹென்டர்சனுக்கு அப்போது இருபத்தொரு வயதுகூட ஆகியிருக்காது, ஆகியிருந்தாலும் அவ்வளவுதான். ஸ்டீவி வொன்டர் குழுவிலிருந்து மைல்ஸ் கொத்திக்கொண்டு வந்த பையன். மோடவுன் என்ற சோல் இசைக் கம்பெனியில் வளர்ந்தவர், ஜாஸ் பாஸ்காரர்கள் பழகும், அடிக்கொரு ஸ்வரமாக நடந்துகொண்டே இருக்கும் 'வாக்கிங்' வழி அவருடையது இல்லை. மைல்ஸுக்குத் தேவைப்பட்டதே அதுதான். மேலே கீபோர்டு மூன்று பேர் (ஹேன்காக், சிக் கொரியா, ஹெரால்ட் வில்லியம்ஸ்), ஜான் மெக்லாக்லினின் கிடார், இரண்டு டிரம், கொங்கா, தபலா, சிதார் என்று யார் எங்கே போனாலும், கீழே ஒருவர் நகராமல் நிற்க வேண்டும். எல்லோரும் ஆடும் இடத்தில் ஆடாமல் நிற்பது லேசான வேலை இல்லை. வீட்டில் பாஸ் வைத்திருப்பவர்கள் தட்டோடு சேர்த்து அந்த முதல் வரியை வாசித்துப் பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் விரல் தானாக ஒரு சங்கதி போடப் பார்க்கும். ஹென்டர்சன் போடமாட்டார். போட்டால் ஒரே ஒரு ஸ்வரம், அதுவும் எதிர்பாராத இடத்தில்.

முதல் சிடிக்காகவே நான் பெட்டியை வாங்கினேன். 'ஒன் அண்ட் ஒன்' தட்டில் ஆறு நிமிடம், இங்கே ஏறக்குறைய பதினெட்டு. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் பாஸ்காரனுக்குப் பாடம்.

மத்யமாவதி:

நான் கர்நாடக சங்கீதக் கச்சேரி கேட்டு வளர்ந்தவள். இதைக் கேட்கும்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தட்டில் உள்ள நான்கு உருப்படிகளில் முதலாவது தனி. 'பிளாக் சாட்டின்', 'ஒன் அண்ட் ஒன்', 'ஹெலன் பட் / மிஸ்டர் ஃப்ரீடம் எக்ஸ்' மூன்றும் அடியில் ஒரே வரியின் மேல்தான் ஓடுகின்றன. மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள், நடப்பது ஒரு நிரவல். சாகித்ய வரி ஒன்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பாடினால் நாம் யாரும் 'ஒரே வரிதானே' என்று எழுந்து போவதில்லையே.

ஆனால் தபலா என்னை ஏமாற்றியது. அதில் ஒரு தாளக்கட்டும் கேட்கவில்லை. சிதாரும் அப்படியே, ரீங்காரம் மட்டும். அந்தக் காலத்து 'இந்திய வாசனை' ஆசைக்கு வைத்த ஊதுவத்தியோ என்று சந்தேகம்.

நான்குதந்தி:

மேடம், நிரவல் ஒப்பீட்டோடு எனக்குப் பாதிதான் உடன்பாடு. நிரவலில் விரிவது அந்த வரியேதான். இங்கே வரி விரிவதே இல்லை. விரிவதெல்லாம் அதைச் சுற்றி நடக்கிறது.

சுழல்தட்டு:

தபலா வாசித்த பாதல் ராய் இன்றைய வங்கதேசத்தின் கொமில்லா பக்கத்தில் பிறந்தவர். படிக்க நியூயார்க் வந்து, உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அங்கே தபலா வாசித்தவர். மெக்லாக்லின் அவரை அங்கே கேட்டுத்தான் தன் தட்டுக்கு அழைத்தார், அந்த வழியில் மைல்ஸிடம் போய்ச் சேர்ந்தார். கரானா என்ற இந்துஸ்தானிப் பரம்பரையில் குருவிடம் பல வருடம் உட்கார்ந்து வளர்ந்த கலைஞர் இல்லை. ஸ்டுடியோவில் மைல்ஸ் தன்னைப் பார்த்து நீயே தொடங்கு என்றதாகவும், தான் ஏதோ ஒரு போக்கில் தட்ட ஆரம்பிக்க, ஹேன்காக் தலையாட்டிக்கொண்டே சேர்ந்துகொண்டதாகவும் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அறை முழுக்க ஜாஸ் உலகின் பெரிய தலைகள் உட்கார்ந்திருக்க, முதல் தட்டு தபலாவிடம். தீன்தால் என்ற பதினாறு அட்சரத் தாளத்தை எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாற்றம்தான். டிரம்முக்கும் கொங்காவுக்கும் நடுவில் இன்னொரு தோலாகக் கேளுங்கள், வேறு மாதிரி விழும்.

சிதார் விஷயத்தில் மேடம் சொல்வது சரி. காலின் வால்காட் முறையாகக் கற்றவர், ஆனாலும் மைல்ஸ் அவரிடம் கேட்டது ரீங்காரம் மட்டும்தான். நம் பக்கத்துச் சங்கீதம் இந்தக் கூட்டத்தில் ஒருவருக்குள் நிஜமாக இறங்கியது என்றால் அது மெக்லாக்லினுக்கு. ஆனால் அது சில வருடம் கழித்து, எல். சங்கர், விக்கு விநாயகராம், ஜாகீர் ஹுசேனோடு சேர்ந்த சக்தி குழுவில். அதற்கும் இதற்கும் நேர்க்கோடு போட முடியாது.

பழைய_ஸ்பூல்:

எல்லோரும் வாசித்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். தட்டின் தயாரிப்பாளர் டியோ மசெரோ பெயரை இதுவரை ஒருவரும் எடுக்கவில்லை.

டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டிய காலத்தில் சில வருடம் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கால் அங்குல டேப் விநாடிக்கு 15 அங்குலம் ஓடும். பத்தில் ஒரு விநாடி என்றால் ஒன்றரை அங்குலம். ஹெட்டின் மேல் டேப்பைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, டிரம் விழும் இடத்தைக் காதால் பிடித்து, மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, ஸ்ப்ளைசிங் பிளாக்கில் வைத்துச் சாய்வாக வெட்டுவோம். சாய்வாக ஏன் என்றால் ஒரு சத்தம் மறைந்து இன்னொன்று வருவது அப்போதுதான் காதில் இடிக்காது. வெட்டு அரை அங்குலம் தவறினாலும் தாளம் நொண்டும். நாங்கள் செய்ததெல்லாம் பிசிறு வந்த இடத்தை எடுத்துவிட்டு வேறு தடவை வாசித்த டேக்கிலிருந்து ஒட்டுவது மட்டும். மசெரோ அதே பிளேடை வைத்துக்கொண்டு இசையமைத்தார். அவர் ஜூலியார்டில் படித்தவர், தானே சாக்ஸபோன் வாசித்தவர், ஜாஸ் பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸோடு பழகியவர், இசையமைப்பாளர். 1969-இல் மைல்ஸின் இன் எ சைலன்ட் வே தட்டில் ஒரு பகுதியை அப்படியே எடுத்து முடிவில் திரும்ப ஒட்டி, அதற்கு ஒரு வடிவம் கொடுத்தவர். இசைக்கலைஞர்கள் இரண்டாவது தடவை வாசிக்கவே இல்லை!

ஆன் த கார்னர் தொடங்கும் விதத்தைக் கவனியுங்கள். அதற்கு ஆரம்பமே கிடையாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் நடுவில் கதவைத் திறந்துவிட்டது போல எடுத்த எடுப்பில் உள்ளே இருக்கிறோம். யாரும் அப்படி வாசிக்கத் தொடங்க முடியாது. அது பிளேடு செய்த வேலை. 'பிளாக் சாட்டி'னின் கைதட்டலும் சலங்கைச் சத்தமும் பிறகு மேலே ஏற்றியவை. ஐந்து நிமிடச் சொச்சத்துக்குள் அந்தத் தட்டு முழுவதும் அதில் இருக்கிறது. சொல்லப்போனால் பெட்டியின் முதல் சிடியில் 'பிளாக் சாட்டி'னுக்கு வெட்டாத வடிவம் என்று ஒன்று இல்லை. அது யோசிக்க வேண்டிய விஷயம்.

இன்னொன்று. முதல் உருப்படியின் வெட்டாத மாஸ்டரும் தட்டில் வந்ததும் ஏறக்குறைய ஒரே நீளம், இருபது நிமிடத்துக்குச் சற்று முன்பின். மசெரோவின் வேலை நீளத்தைக் குறைப்பது என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு பதில். எதை எங்கே வைப்பது, எதை மேலே தூக்குவது, எதை அடியில் அமுக்குவது என்பதுதான் வேலை.

இந்த மாதிரிப் பெட்டிகளை மசெரோ வெளிப்படையாகவே எதிர்த்தார். தட்டாக வெளிவந்ததுதான் படைப்பு, தரையில் கிடந்ததைப் பொறுக்கி விற்கக் கூடாது என்பது அவர் கட்சி. இந்தப் பெட்டி வந்த சில மாதத்தில், 2008 பிப்ரவரியில், காலமானார். நான் அவர் கட்சி. வெட்டாத மாஸ்டர் 'உண்மையானது', வெட்டியது 'தயாரிப்பாளர் கைவைத்தது' என்று இந்தப் பெட்டி வந்ததிலிருந்து பலர் எழுதுகிறார்கள். அது தலைகீழ்.

நான்குதந்தி:

பழைய_ஸ்பூல் ஐயா, அந்தக் கணக்கில் சாக்ஸபோன்காரர் டேவ் லீப்மனை எங்கே வைப்பீர்கள்? அவர் டாக்டரைப் பார்க்கப் போன இடத்தில் தகவல் கிடைத்து, ஸ்டுடியோவுக்கு ஓடி வந்து நின்றவர். எலெக்ட்ரிக் கருவிகளெல்லாம் நேரே ஒலிக்கலவை கன்சோலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் காதில் ஹெட்போன் இல்லை. அறையில் அவருக்குக் கேட்டது டிரம்மும் மற்றத் தோல் கருவிகளும்தான். என்ன ஸ்வரத்தில் ஓடுகிறது என்றே தெரியாமல் சோப்ரானோ சாக்ஸபோனை எடுத்து ஊதினார். தட்டில் முதலில் கேட்கும் சோலோ அதுதான். அந்தத் தவிப்பு பிளேடு கொடுத்தது இல்லை, மனிதர் கொடுத்தது. அது இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்க ஆசைப்படுவது தப்பா?

பழைய_ஸ்பூல்:

தப்பு என்று சொல்லவில்லை தம்பி. கேளுங்கள். ஆனால் அந்தத் தவிப்பை எடுத்துத் தட்டின் வாசலிலேயே நிறுத்தியது யார்?

இரவல்காது:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். மைல்ஸ் ஏன் இப்படி ஒரு தட்டைச் செய்தார்? சத்தம்கம்மி சார் கேட்ட கேள்வி எனக்கும் உண்டு. டிரம்பெட் ரொம்பக் குறைவு, இருப்பதும் வா-வா பெடல் வழியாக வந்து கிடார் மாதிரி கேட்கிறது.

சுழல்தட்டு:

அவரே சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். ஃபங்க் பாடகர்கள் ஸ்லை ஸ்டோனும் ஜேம்ஸ் பிரவுனும் ஒரு பக்கம், ஜெர்மானிய இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் இன்னொரு பக்கம். ஸ்டாக்ஹவுசனை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் பால் பக்மாஸ்டர் என்ற ஆங்கிலேய செல்லோ கலைஞர். எல்டன் ஜானின் ஆரம்பத் தட்டுகளுக்கு ஆர்க்கெஸ்ட்ரா எழுதியவர் அவர்தான். மைல்ஸ் அவரை அழைத்துத் தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். நடன இசையின் நகராத அடி, அதன் மேல் வந்து சேர்ந்து பிரிந்து போகும் சத்தங்கள் என்ற யோசனை அந்தக் கூட்டணியில் பிறந்தது.

கறுப்பின இளைஞர்கள் தெருவில் இதைக் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. கார்க்கி மெக்காய் வரைந்த அட்டைப் படத்தைப் பாருங்கள், தெருமுனை மனிதர்கள்தான். உள்ளே வாசித்தவர்கள் பெயர்களை வேண்டுமென்றே போடவில்லை. விமர்சகர்கள் கருவி கருவியாகப் பிரித்துப் பேசட்டுமே, பார்ப்போம் என்ற எரிச்சல். கொலம்பியா கம்பெனியோ ஜாஸ் ரசிகர்களிடமே இதை விற்கப் பார்த்தது என்று அவருக்குக் கோபம். விற்கவில்லை. அடுத்த ஆண்டே இதில் வாசித்த ஹேன்காக் ஹெட் ஹன்டர்ஸை வெளியிட்டார். இதே தட்டில் பாஸ் கிளாரினெட் ஊதிய பென்னி மாபின் அதிலும் இருக்கிறார். மைல்ஸ் தேடிய கூட்டம் அந்தத் தட்டுக்குப் போனது. என்னைக் கேட்டால் ஹேன்காக் கொஞ்சம் ஜன்னலைத் திறந்துவைத்தார், மைல்ஸ் எல்லாவற்றையும் சாத்திவிட்டார்.

சத்தம்கம்மி:

ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டத்தான் செய்யும். நான் சொன்னதைத்தான் நீங்களும் நீளமாகச் சொல்கிறீர்கள் :)

சரி, நடு சிடிகளில் ஏதாவது உருப்படியாக இருக்கிறதா? திட்டுவதற்காகவாவது கேட்கிறேன்.

நான்குதந்தி:

'ரேட்டட் எக்ஸ்' கேளுங்கள் சார், திட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. 1972 செப்டம்பர். மைல்ஸ் டிரம்பெட்டைத் தொடவே இல்லை, ஆர்கனில் கையை வைத்து அமுக்கிக்கொண்டே இருக்கிறார். கீழே டிரம்மும் தபலாவும் ஓடிக்கொண்டே இருக்கின்றன, திடீர் திடீரென்று தாளம் மொத்தமும் அறுந்து ஆர்கன் மட்டும் தொங்குகிறது, மறுபடி தாளம். தொண்ணூறுகளின் டிரம் அண்ட் பேஸ் நடன இசை ஆட்கள் செய்ததை இருபது வருடம் முன்னால் கேட்கலாம். ஆமாம், அந்த அறுப்பு மசெரோவின் கன்சோல் வேலை. ஐயாவுக்கு ஒரு பாயிண்ட்.

மத்யமாவதி:

'ஹி லவ்டு ஹிம் மேட்லி'யை யாரும் சொல்லவில்லையே. ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் 1974 மே மாதம் இறந்தார், அடுத்த மாதம் அவருக்கு அஞ்சலியாக இது பதிவானது. அரை மணி நேரத்துக்கு மேல் ஒரு துக்கம். தாளம் என்று ஒன்று நிலைப்படவே பாதி நேரம் ஆகிறது. ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இந்தப் பெட்டியில் வாசல் இதுதான் என்று நினைக்கிறேன். ஆங்கில இசைக்கலைஞர் பிரையன் ஈனோ, பின்னணிச் சூழலாக ஒலிக்கும் தன் ஆம்பியன்ட் இசைக்கு இதிலிருந்து கற்றதாகச் சொல்லியிருக்கிறார், அதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் சுழல்தட்டு சொன்னபடி இது கெட் அப் வித் இட்டிலேயே கிடைக்கிறது. இதற்காகப் பெட்டி வாங்க வேண்டாம்.

'சீஃப்டன்', 'டர்ன்அரவுண்ட்', 'மிஸ்டர் ஃபாஸ்டர்' எல்லாம் முன்பு வராதவை. எனக்கு இவை ஒத்திகை போலத்தான் கேட்டன. நல்ல ஒத்திகை, ஆனால் ஒத்திகை.

சுழல்தட்டு:

'மிஸ்டர் ஃபாஸ்டரை' ஒத்திகைக் கணக்கில் சேர்த்தது அநியாயம் மேடம். பெட்டியில் மைல்ஸ் நிதானமாக, நீளமாக ஊதும் இடங்களில் அது ஒன்று. சத்தம்கம்மி சார் தேடும் டிரம்பெட் அங்கே கிடைக்கும்.

மற்றபடி ஒப்புக்கொள்கிறேன். 'கம்ப்ளீட்' என்ற சொல்லில்தான் கோளாறு. கொலம்பியா தொண்ணூறுகளில் தொடங்கி மைல்ஸுக்கு இப்படி எட்டுப் பெட்டி போட்டது, இதுதான் கடைசி. ஜாக் ஜான்சன் பெட்டி ஏறக்குறைய ஒரே காலத்துப் பதிவு, ஒரு கதை இருந்தது. இதில் மூன்று வருடத்தை ஒரு தட்டின் பெயரில் அடைத்திருக்கிறார்கள். நேர்மையாகப் பெயர் வைத்தால் '1972–75 ஸ்டுடியோ' என்று வைத்திருக்க வேண்டும். அது விற்காது.

ஒலி விஷயத்தில் பெட்டிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். பழைய எல்.பி.யின் இரண்டாம் பக்கம் ஏறக்குறைய இருபத்தொன்பது நிமிடம். அவ்வளவு நேரத்தை ஒரு பக்கத்தில் அடைக்க வேண்டுமென்றால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். அதற்கு சத்தத்தையும், முக்கியமாக பாஸையும் குறைத்தாக வேண்டும். ஹென்டர்சனைக் கேட்கவே இருக்கும் தட்டில் ஹென்டர்சன் மெலிந்துபோகிறார். நான் எல்.பி. பைத்தியம், ஆனாலும் இந்த ஒன்றுக்கு சிடிதான்.

பழைய_ஸ்பூல்:

இது நல்ல வாதம். இதை நான் மறுக்கவில்லை.

இரவல்காது தம்பிக்கு ஒரு யோசனை. காசு கொடுப்பதற்கு முன் ஒரு மாலை ஒதுக்குங்கள். 'ஒன் அண்ட் ஒன்' வெட்டாததை ஸ்ட்ரீமிங்கில் முதலில் கேளுங்கள், கையில் பேனா வைத்துக்கொண்டு. உங்களுக்குப் பிடித்த இடம் வரும்போதெல்லாம் நிமிடத்தைக் குறியுங்கள். அப்புறம் தட்டில் வந்த ஆறு நிமிடத்தைக் கேளுங்கள். நீங்கள் குறித்தவை அதில் இருந்தால் பெட்டி வேண்டாம். இல்லையென்றால் வாங்குங்கள், நானும் நான்குதந்தியும் உங்களை வைத்தே சண்டையைத் தொடர்வோம்.

இரவல்காது:

செய்து பார்த்தேன் ஐயா. முடிவு குழப்பம். நான் குறித்ததில் பாதிக்கு மேல் ஆறு நிமிடத்தில் இல்லை. ஆனால் ஆறு நிமிடத்தைக் கேட்டபோது அவை இல்லையே என்று ஏங்கவும் இல்லை. நீளமானதில் ஒவ்வொருவராகத் தெரிகிறார்கள், இவர் பாஸ் கிளாரினெட், இவர் கொங்கா என்று. குறுகியதில் ஆட்கள் தெரியவில்லை, தெரு தெரிகிறது. பெயர்களைப் போடாமல் விட்டதற்குக் காரணம் இப்போது கொஞ்சம் பிடிபடுகிறது.

கெட் அப் வித் இட்டும் பிக் ஃபன்னும் என்னிடம் இல்லை. அதனால் சுழல்தட்டு சொன்ன கணக்குப்படி பெட்டியை எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். விற்பவர் விலையைச் சற்றுக் குறைக்கவும் சம்மதித்தார்.

நான்குதந்தி:

வாழ்த்துகள். முதலில் கடைசி சிடி, அப்புறம் முதல் சிடி, நடுவில் இருப்பதை அவசரமில்லாமல். எல்லாம் முடிந்தபின் அகார்த்தா என்ற கச்சேரித் தட்டு. 1975 பிப்ரவரி 1, ஒசாகா, பிற்பகல் கச்சேரி. அதே ஹென்டர்சன், பிளேடு இல்லாமல், மேடையில். பழைய_ஸ்பூல் ஐயா அதற்கு என்ன சொல்கிறார் என்று கேட்கத்தான் காத்திருக்கிறேன்.

பழைய_ஸ்பூல்:

அகார்த்தாவைத் தயாரித்ததும் மசெரோதான் தம்பி. தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.